முக்கோணம் வரையும் கையும் ஆங்கிலம் பேசும் வாயும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012-13 கல்வியாண்டு முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. அந்தப் பிரிவில் ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தைக்குக் கணக்குப் பாடமும் ஆங்கிலத்தில்தான். வீட்டில் தமிழைத் தவிர வேறு மொழி காதில் விழாத ஐந்து வயதுப் பிள்ளை, பள்ளிக்கு வந்த சில மாதங்களுக்குள் சர்க்கிள், ஸ்கொயர், ட்ரையாங்கிள், ரெக்டாங்கிள் என்ற நான்கு சொற்களைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆங்கிலப் பாடத்துக்கு அவை புதுச் சொற்கள். கணக்குப் பாடத்துக்குப் புதுக் கருத்துகள். இரண்டு சுமையும் ஒரே நாளில் ஏறுகின்றன.

வழக்கமாக என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். ஸ்டேஷனரி கடையில் வாங்கிய சார்ட் சுவரில் தொங்கும். டீச்சர் குச்சியால் தொட்டுக் காட்டுவார். பிள்ளைகள் ஒரே குரலில் பெயர் சொல்வார்கள். ஒரு வாரத்தில் பாடம் முடிந்துவிடும். பிறகு ஒருநாள் அதே முக்கோணத்தைத் தலைகீழாகவோ ஒல்லியாகவோ கரும்பலகையில் வரைந்து, இது என்ன என்று கேட்டால் பாதி வகுப்பு வாய் திறக்காது. மீதிப் பாதியில் சிலர் கோன் ஐஸ் என்பார்கள்.

இதற்குக் கல்வியாளர்கள் பலரும் சொல்லும் மருந்து ஓவியம். வரையவும் வெட்டவும் ஒட்டவும் விடுங்கள், வடிவமும் வரும் ஆங்கிலமும் வரும் என்கிறார்கள். இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது, ஆய்வுகள் என்ன சொல்கின்றன, நம் வகுப்பறைக்கு அதில் எது பொருந்தும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஓவியம் தானாக எந்த மொழியையும் கற்றுக்கொடுப்பதில்லை. வரையும்போது பேசியே ஆகவேண்டிய தேவை குழந்தைக்கு ஏற்பட்டால்தான் மொழி வருகிறது. அந்தத் தேவையை உண்டாக்குவது ஆசிரியரின் கையில் இருக்கிறது.

இருநூறு ஆண்டுப் பழைய யோசனை

வடிவத்தையும் மொழியையும் ஒன்றாகக் கற்பிக்கும் எண்ணம் புதிதல்ல. சுவிட்சர்லாந்தின் பெஸ்டலோட்ஸி 1801-ல் வெளியிட்ட நூலில், தொடக்கக் கல்வி முழுவதும் எண், வடிவம், மொழி என்ற மூன்றின் மேல் நிற்கிறது என்றார். அவருடைய பிள்ளைகள் பலகையில் கோடும் கோணமும் வரைந்தபடியே அவற்றைப் பற்றிப் பேசினார்கள். ஜெர்மனியில் ஃப்ரோபெல் 1837-ல் பிளாங்கன்பர்க்கில் சிறு குழந்தைகளுக்கான தன் நிலையத்தைத் தொடங்கினார். 1840-ல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். ஆறு வண்ணக் கம்பளிப் பந்துகள், பிறகு மரத்தால் ஆன கோளம், உருளை, கனசதுரம் என்று படிப்படியாகக் கொடுத்தார். கூடவே காகிதம் மடித்தல், பின்னுதல், வெட்டுதல். எல்லாவற்றோடும் பேச்சும் பாட்டும் இருந்தன. பின்னாளில் உலகமெங்கும் கிண்டர்கார்டன் பரவியபோது பொருள்கள் பரவிய வேகத்தில் பேச்சு பரவவில்லை.

மரியா மாண்டிசோரிக்கு நம் ஊரோடு நேரடித் தொடர்பு உண்டு. 1907-ல் ரோம் நகரின் சான் லொரென்ஸோ பகுதியில் முதல் பள்ளியைத் தொடங்கிய அவர், 1939 நவம்பரில் சென்னை வந்து அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர் பயிற்சி நடத்தினார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. கொடைக்கானலில் சில காலம் இருந்து, 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். அவருடைய உலோகச் சட்டங்களில் பத்து வடிவங்கள் உண்டு: சதுரம், செவ்வகம், முக்கோணம், சரிவகம், ஐங்கோணம், வட்டம், நீள்வட்டம், முட்டை வடிவம், வளைகோட்டு முக்கோணம், நாலிதழ். குழந்தை சட்டத்தின் விளிம்பைப் பென்சிலால் சுற்றி வரைந்து உள்ளே வண்ணக் கோடுகளால் நிரப்பும். எழுதப்போகும் கைக்கு அது பயிற்சி.

இந்தக் கட்டுரைக்கு அதைவிட முக்கியமானது பெயர் சொல்லிக்கொடுக்க அவர் கையாண்ட மூன்று படி. முதலில் ஆசிரியர், இது இன்னது என்று பெயர் சொல்வார். இரண்டாவதாக, அதை எடு, இதை என் கையில் கொடு, அதைப் பாயில் வை என்று பலமுறை கேட்பார். குழந்தை பேச வேண்டியதில்லை, செய்தால் போதும். மூன்றாவதாகத்தான், இது என்ன என்ற கேள்வி. நம் வகுப்புகளில் நடுப்படி காணாமல் போய்விடுகிறது. பெயர் சொன்ன மறுநிமிடமே, இது என்ன என்று கேட்டுவிடுகிறோம். இரண்டாம் மொழி கற்கும் குழந்தைக்கு அந்த நடுப்படிதான் உயிர். அதில்தான் அது சொல்லைக் கேட்டுக் கேட்டுப் பொருளோடு சேர்க்கிறது.

இதே கருத்தை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் வேறு வழியில் வந்தடைந்தார். கட்டளையைக் கேட்டு உடலால் செய்துகாட்டும் முறை அவருடையது. ஓவிய வகுப்பில் கட்டளைகளுக்குப் பஞ்சமே இல்லை: மடி, கிழி, வெட்டு, திருப்பு, ஒட்டு. ஃபோல்டு, கட், டர்ன், ஸ்டிக் என்ற சொற்களைப் பொருள் விளக்காமலே ஆறு வயதுப் பிள்ளை பிடித்துக்கொள்ளும், டீச்சரின் கை செய்வதைப் பார்க்கிறதே!

குழந்தைக்கு ஏற்கெனவே என்ன தெரியும்?

பார்த்து வரைவதில் ஒரு வரிசை உண்டு. குழந்தைகள் ஏறத்தாழ 3 வயதில் வட்டத்தையும், 4 வயதில் சதுரத்தையும், 5 வயதில் முக்கோணத்தையும் பார்த்து வரைகிறார்கள். சாய்சதுரத்துக்கு 7 வயதை ஒட்டி ஆகிவிடும். சாய்கோடு சின்னக் கைக்குக் கடினம். ஒன்றாம் வகுப்பில் சாய்சதுரம் கோணலாக வருகிறது என்று அழித்து அழித்து வரையவைக்கும் ஆசிரியர்களுக்கு இந்த வரிசை தெரிந்தால் பிள்ளைகளின் கண்ணீர் கொஞ்சம் குறையும்.

அதற்கு முன்பே, யாரும் சொல்லித்தராமல், கிறுக்கலில் இருந்தே வடிவங்கள் பிறக்கின்றன. சான் ஃபிரான்சிஸ்கோவில் சிறார் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக் பல லட்சம் குழந்தை ஓவியங்களைத் திரட்டி, 1969-ல் ஒரு பெரிய நூல் எழுதினார். 20 வகை அடிப்படைக் கிறுக்கல்கள், அவற்றிலிருந்து வட்டம், சதுரம், முக்கோணம், கூட்டல் குறி போன்ற உருக்கள், பிறகு அவற்றைச் சேர்த்த கூட்டுருவங்கள், கடைசியில் சூரியனும் மனிதனும் என்று ஒரு வளர்ச்சியைக் காட்டினார். அவர் காட்டிய வரிசை எல்லாக் குழந்தைக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அடிப்படைச் செய்தி உறுதியானது: வடிவம் அறியாத வெற்றுத் தலையோடு எந்தக் குழந்தையும் பள்ளிக்கு வருவதில்லை. அதற்கு இல்லாதது ஆங்கிலப் பெயர் மட்டுமே.

அடையாளம் காண்பதில் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை டக்ளஸ் கிளெமென்ட்ஸ், ஜூலி சராமா முதலியோர் 1999-ல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. 3 முதல் 6 வயது வரையுள்ள அமெரிக்கக் குழந்தைகளிடம் பல வடிவங்கள் கலந்த தாளைக் கொடுத்து, ஒவ்வொரு வகையையும் குறியிடச் சொன்னார்கள். வட்டத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் சரி. சதுரத்தில் 80-ஐத் தாண்டியது. முக்கோணத்தில் 60 விழுக்காட்டை ஒட்டி நின்றது. செவ்வகத்தில் பாதியைச் சற்றே தாண்டியது. பல குழந்தைகள் ஒல்லி முக்கோணத்தை ஒதுக்கிவிட்டு, வளைந்த பக்கமுள்ள உருவத்தை முக்கோணமாக ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு முக்கோணம் என்றால் சார்ட்டில் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் அந்த ஒரே முக்கோணம்தான்.

ஏன் அப்படி என்பதற்கான விளக்கம் 1957-லேயே வந்துவிட்டது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பியர் வான் ஹீலேயும் அவர் மனைவி டீனாவும் செய்த முனைவர் பட்ட ஆய்வுகள், வடிவ அறிவு படிநிலைகளாக வளர்கிறது என்று சொல்லின. முதல் நிலையில் குழந்தை மொத்தத் தோற்றத்தைப் பார்க்கிறது: கதவு மாதிரி இருக்கிறது, அதனால் செவ்வகம். அடுத்த நிலையில் பண்புகளைப் பார்க்கிறது: நாலு பக்கம், நாலு மூலை, எல்லா மூலையும் நேர்மூலை. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போவது வயதால் தானாக நடப்பதில்லை, கற்பித்தலால் நடக்கிறது என்பது அவர்களுடைய முக்கியமான வாதம். ஒவ்வொரு நிலைக்கும் தனிமொழி உண்டு என்பது இன்னொன்று.

இந்தக் கடைசி வரியில்தான் நம் பிரச்சினையின் முடிச்சு இருக்கிறது. சார்ட் கொடுப்பது முதல் நிலையின் மொழி, வெறும் பெயர்கள். இரண்டாம் நிலைக்கு ஏறும் குழந்தைக்கு சைடு, கார்னர், ஸ்ட்ரெயிட், கர்வ்ட், லாங்கர், சேம் என்ற சொற்கள் வேண்டும். அவை எந்த சார்ட்டிலும் இல்லை. பெயரை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை கணக்கிலும் நகராது, ஆங்கிலத்திலும் நகராது. அமெரிக்காவின் பல மாநிலங்கள் 2010 முதல் ஏற்றுக்கொண்ட பொதுப் பாடத்தரம் இதை உணர்ந்திருக்கிறது: எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும், எந்த அளவில் இருந்தாலும் வடிவத்தின் பெயரைச் சொல்லவேண்டும், மேலே, கீழே, பக்கத்தில், முன்னால், பின்னால் என்று இடத்தையும் சொல்லவேண்டும் என்று கிண்டர்கார்டனுக்கே வரையறுத்திருக்கிறது.

ஓவியத்தால் மொழி வருமா?

ஓவியம் கற்றால் படிப்பு தானாக உயரும் என்ற நம்பிக்கை பள்ளி விளம்பரங்களில் தாராளமாக உலவுகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புராஜெக்ட் ஜீரோவில் எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லாண்டும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி அலசி, 2000-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓவியப் பயிற்சியால் பொதுப் பாட மதிப்பெண் உயர்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வகுப்பறை நாடகம் மொழித்திறனை உயர்த்துகிறது என்பதற்கோ வலுவான சான்று கிடைத்தது. கலை விரும்பிகள் பலருக்கு இது கசந்தது. எனக்கு இது வழிகாட்டியாகவே படுகிறது. நாடகத்தில் பேச்சு இருக்கிறது. பேசாமல் நாடகம் நடிக்க முடியாது. ஓவியத்தைப் பேசாமலே வரைந்து முடித்துவிடலாம். நாற்பது பிள்ளைகள் மணிக்கணக்கில் வாய்மூடி வண்ணம் தீட்டும் வகுப்பில் அமைதி வளரும், ஆங்கிலம் வளராது.

ஓவியத்தோடு பேச்சைச் சேர்ப்பது எப்படி என்பதற்கு ரஷ்ய அறிஞர் வைகாட்ஸ்கி ஒரு நல்ல குறிப்பு விட்டுச்சென்றார். மிகச் சிறு குழந்தை வரைந்து முடித்த பிறகுதான் அதற்குப் பெயர் வைக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் வரைந்துகொண்டிருக்கும்போதே சொல்லும். பிறகு, வரையும் முன்பே, நான் வீடு வரையப்போறேன் என்று அறிவிக்கும். பேச்சு செயலின் வாலில் இருந்து தலைக்கு நகர்கிறது. ஆசிரியர் இந்த மூன்று இடத்திலும் பேச்சுக்கு வாய்ப்புக் கொடுக்கலாம்: தொடங்கும் முன் என்ன வேண்டும் என்று கேட்டு வாங்குவது, நடுவில் பக்கத்துப் பிள்ளையோடு பேசுவது, முடிந்ததும் படத்தைக் காட்டிச் சொல்வது. இவற்றில் மிகச் சுலபமானது முதலாவது. வெட்டிய வடிவங்களை எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடாமல் டீச்சரின் மேசையிலேயே வைத்துவிட்டால் போதும். வேண்டும் பிள்ளை வந்து கேட்கட்டும். முதலில் கையை நீட்டிக் காட்டும். பிறகு ட்ரையாங்கிள் என்னும். நாலு நாளில் 'பிக் ட்ரையாங்கிள், டீச்சர்' என்னும். தேவை இருந்தால் சொல் நீளும்.

இதைவிடப் பேச்சு அதிகம் பிறக்கும் ஒரு விளையாட்டு, ஒருவர் சொல்ல மற்றவர் வரைவது. இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே உட்காருகிறார்கள். நடுவில் புத்தகப் பைகள் இரண்டு சுவராக நிற்கின்றன. ஒருத்தி நாலைந்து வடிவங்களால் ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறாள். அதைப் பார்க்காமல், அவள் சொல்வதைக் கேட்டு அவன் வரைய வேண்டும். 'ஒன் ஸ்கொயர்' என்கிறாள். வரைகிறான். 'ஒன் ட்ரையாங்கிள்' என்கிறாள். அவன் பென்சில் காற்றில் நிற்கிறது. எங்கே? 'வேர்?' என்று கேட்டாக வேண்டும். அவள் யோசித்து 'அப்' என்கிறாள். அவன் தாளின் உச்சியில் கொண்டுபோய் வரைகிறான். பைகளை விலக்கியதும் சண்டை தொடங்குகிறது: "ஸ்கொயருக்கு மேலன்னு சொன்னேன்ல, நீ ஏன்டா அங்க கொண்டுபோய்ப் போட்ட?" அந்தக் கணத்தில் டீச்சர் குனிந்து, 'ஆன் தி ஸ்கொயர்' என்று ஒரே ஒருமுறை சொன்னால் போதும். அந்தப் பிள்ளைக்கு அந்தச் சொல் அப்போது வேண்டியிருக்கிறது, அதனால் தங்கும். சண்டை தமிழில் நடந்ததைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்.

தீப்பெட்டி, கேரட், கோலம்

பொருள்களைக் காட்டி வடிவம் கற்பிப்பதில் ஒரு குழப்பம் காலங்காலமாக இருக்கிறது. பந்தைக் காட்டி சர்க்கிள் என்கிறோம். செங்கல்லைக் காட்டி ரெக்டாங்கிள் என்கிறோம். பந்து கோளம், செங்கல் கனச்செவ்வகம். தட்டை வடிவம் அவற்றின் மேற்பரப்பிலோ நிழலிலோ இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இதை விளக்கிச் சொல்லவே முடியாது. ஆனால் அச்சு எடுத்துக் காட்டிவிடலாம்.

காலி தீப்பெட்டி ஒன்றைச் சாயத்தில் தொட்டுத் தாளில் அழுத்தச் சொல்லுங்கள். பெரிய முகம் ஒரு செவ்வகத்தைப் பதிக்கும். பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பினால் நீண்டு ஒடுங்கிய இன்னொரு செவ்வகம். நட்டுக்குத்தாக நிறுத்தினால் சின்னதாய் மூன்றாவது செவ்வகம். ஒரே பெட்டி, மூன்று ரெக்டாங்கிள். லாங், ஷார்ட், தின் என்ற சொற்கள் இங்கே இல்லாமல் முடியாது. இந்தப் பதிவுகளைப் பார்த்த பிள்ளை செவ்வகம் என்றால் சார்ட்டில் படுத்திருக்கும் அந்த ஒன்றுதான் என்று இனி நினைக்காது. கிளெமென்ட்ஸ் ஆய்வில் குழந்தைகள் அதிகம் தடுமாறிய வடிவம் செவ்வகம் என்பதால் இந்தப் பத்து நிமிட வேலையின் மதிப்பு பெரியது. அடுத்த நாள் சத்துணவுக்கு வரும் காய்கறியில் கொஞ்சம் கேட்டு வாங்கலாம். கேரட்டை நேராக நறுக்கிப் பதித்தால் வட்டம். அதே கேரட்டைச் சாய்வாக நறுக்கினால் நீள்வட்டம். வெண்டைக்காய் பெரும்பாலும் ஐந்து மூலை காட்டும். எண்ணிப் பார்க்கச் சொன்னால் கார்னர் என்ற சொல் தானாக நுழையும்.

கடினமான பொருள்களால் கட்டிப் பார்ப்பதும் இதைச் சேர்ந்ததே. எளிய பொருள்களால் அறிவியல் பொம்மைகள் செய்துகாட்டும் அரவிந்த் குப்தா புகழ்பெறச் செய்த தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூப் துண்டும் நம் எல்லார் ஊரிலும் கிடைக்கும். மூன்று குச்சியில் முக்கோணம் கட்டினால் அழுத்தினாலும் அசையாது. நாலு குச்சியில் சதுரம் கட்டினால் தொட்டதும் சாயும். சதுரம் சாய்ந்து வேறு வடிவமாவதைத் தன் விரலாலேயே பார்த்த குழந்தைக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல ஆசை வரும். 'திஸ் மூவ்ஸ், திஸ் நோ மூவ்' என்று அது சொன்னால் இலக்கணத்தைத் திருத்தாதீர்கள். 'யெஸ், திஸ் ஒன் டஸ் நாட் மூவ்' என்று நீங்கள் சரியாகத் திருப்பிச் சொன்னால் போதும்.

கோலம் நம்முடைய பெருஞ்செல்வம். ஏழு புள்ளி, நேர்ப்புள்ளி, ஒன்றில் முடியும் என்றால் புள்ளிகள் சாய்சதுரமாக நிற்கும். ஏழு புள்ளி, இடைப்புள்ளி, நாலில் முடியும் என்றால் அறுகோணம் வரும். இந்தக் கணக்கைப் பள்ளியே போகாத பாட்டிகளும் கையில் வைத்திருக்கிறார்கள். மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-லேயே கோலங்களின் அமைப்பைக் கணினி அறிவியலின் இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். வகுப்பில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். புள்ளி வைப்பதற்கு டாட், ரோ, மிடில், நெக்ஸ்ட் என்ற சொற்கள் வேண்டும். ஒருத்தி சொல்ல வகுப்பே தரையில் சாக்பீஸால் வைக்கலாம். எல்லா வீட்டு வாசலிலும் கோலம் இருப்பதில்லை என்பதையும் ஆசிரியர் மனதில் கொள்ள வேண்டும். பத்தமடைப் பாயின் கட்டமும் பட்டையும், ஓலைப்பெட்டியின் பின்னலும், சேலைக் கரையின் கோபுரப் பட்டையும் அதே அளவு வடிவம் நிறைந்தவை. பிள்ளைகள் தங்கள் வீட்டில் இருப்பதைக் கொண்டுவந்தால் பேச அவர்களிடம் விஷயம் இருக்கும்.

வெளியூர் ஓவியங்களில் எனக்கு முதல் தேர்வு மகாராஷ்டிரத்தின் வார்லி. முனையோடு முனை சேர்ந்த இரண்டு முக்கோணம் மனித உடல். வட்டம் சூரியனும் சந்திரனும். சதுரம் திருமணச் சடங்கின் புனிதக் கட்டம். மூன்றே வடிவத்தில் ஓர் ஊரே நடனமாடும். இந்தக் கலையை உலக அரங்குக்குக் கொண்டுபோன ஜிவ்யா சோமா மாஷேவுக்கு 2011-ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. வார்லியில் முக்கோணம் தலைகீழாகவும் நிற்கிறது, சாய்ந்தும் ஆடுகிறது என்பது வடிவக் கற்றலுக்குப் பெரிய லாபம். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1953-ல் வண்ணத்தாள் துண்டுகளால் ஆக்கிய நத்தைப் படமும் நல்லது. அதில் ஒழுங்கான சதுரம் ஏதும் இல்லை. கோணல்மாணலான நாற்பக்க உருவங்களே சுருண்டு நத்தையாகின்றன. கத்தரிக்கோல் சரியாகப் பிடிக்க வராத பிள்ளையும் அதைப் போலச் செய்யலாம், நாலு பக்கத்தையும் எண்ணலாம்.

அமெரிக்கப் பாடத்திட்டத்தை அப்படியே எடுக்கலாமா?

ஆங்கிலம் கற்கும் சிறுவருக்கான பாடக் குறிப்புகள் இன்று பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து இணையம் வழியாக வருகின்றன. அங்கே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கிறார்கள். அவர்களில் நாலில் மூன்று பங்கினர் ஸ்பானிய மொழி பேசும் வீட்டிலிருந்து வருகிறவர்கள். ஸ்பானியத்திலும் முக்கோணம் 'த்ரியாங்குலோ', வட்டம் 'சிர்க்குலோ' என்பதால் பெயர்கள் அவர்களுக்குப் பாதி தெரிந்தவை. ஆனால் ஸ்பானியத்தில் நிறம் பெயருக்குப் பின்னால் வரும்; சிவப்பு வட்டம் என்பதை வட்டம் சிவப்பு என்ற வரிசையில் சொல்வார்கள். அதனால் அந்தப் பாடங்களில் ரெட் சர்க்கிள், ப்ளூ ஸ்கொயர் என்ற வரிசைக்கே பல நாள் பயிற்சி இருக்கும்.

தமிழ்ப் பிள்ளைக்கு நிலைமை நேர் எதிர். பெயர்கள் முற்றிலும் அந்நியம். ஆனால் பெரிய சிவப்பு வட்டம் என்று தமிழிலும் அதே வரிசைதான் என்பதால் பிக் ரெட் சர்க்கிள் உடனே வந்துவிடும். நம் பிள்ளை இடறும் இடங்கள் வேறு. மூன்று முக்கோணம் என்று தமிழில் சொன்னால் குற்றமில்லை. ஆங்கிலத்தில் கடைசியில் ஒரு 'ஸ்' வேண்டும். பெயருக்கு முன்னால் வரும் 'எ' போன்ற சொல் தமிழில் இல்லாததால் விட்டுப்போகும். எல்லாவற்றிலும் பெரிய இடறல், இடம் காட்டும் சொற்கள். வட்டத்துக்குள்ளே என்று தமிழில் உள்ளே கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் இன்சைடு முன்னால் வந்து நிற்கிறது. ஆகவே நம் ஓவிய வகுப்பில் நேரத்தைக் கொட்ட வேண்டிய இடம் வண்ணப் பெயர்கள் அல்ல. இன்சைடு, அண்டர், பிட்வீன், நெக்ஸ்ட் டு. ஒட்டுப்படம் செய்யும் வேலை இதற்கென்றே அமைந்தது, ஒவ்வொரு துண்டையும் எங்கே ஒட்டுவது என்ற கேள்வி இருந்துகொண்டே இருப்பதால்.

தாய்மொழியை வகுப்புக்கு வெளியே நிறுத்த வேண்டுமா என்பது இத்துறையின் பழைய சச்சரவு. கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979-ல் ஒரு வேறுபாட்டை முன்வைத்தார்: அன்றாடப் பேச்சுக்கான மொழி ஓரிரு ஆண்டில் வந்துவிடும், பாடத்தில் சிந்திப்பதற்கான மொழிக்கு ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ ஆகும், தாய்மொழியில் பெற்ற கருத்து இரண்டாம் மொழிக்கும் துணை வரும். வடிவப் பாடத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். முக்கோணம் என்ற சொல்லுக்குள்ளேயே மூன்று கோணம் இருக்கிறது. தமிழில் அதை ஒருமுறை எண்ணிப் பார்த்த பிள்ளைக்கு ட்ரையாங்கிள் என்பது கருத்துள்ள பொருளின் மறுபெயர். தமிழில் தொடாத பிள்ளைக்கு அது வெறும் ஓசை. ஆங்கிலவழிப் பிரிவு என்பதற்காகத் தமிழில் ஒரு வார்த்தை விளக்கக்கூடாது என்று ஆசிரியரைக் கட்டிப்போடும் பள்ளிகள் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கின்றன. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

மௌனத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். புதுமொழிச் சூழலில் விழும் குழந்தைகளில் பலர் சில மாதங்கள் வரை அம்மொழியில் பேசவே மாட்டார்கள், கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தக் காலத்தில் வாய்மொழிக் கேள்வியை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால், வடிவம் தெரிந்த பிள்ளையையும் தெரியாத பிள்ளையாகக் குறித்துவிடுவோம். 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. எந்த நிலை என்று தீர்மானிக்கும் முன் பிள்ளை வரைந்ததையும் கட்டியதையும் பார்க்க வேண்டும். ஒல்லி முக்கோணம் ஒன்றை வரையச் சொல்லி அது வரைந்து காட்டினால், கணக்கில் அது முன்னே இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் நேரம் தேவைப்படுகிறது. இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வைப்பது நியாயம்.

எது வேண்டாம்

அச்சிட்ட உருவத்துக்குள் வண்ணம் தீட்டும் தாள்கள் வேண்டாம். கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-ல் வெளிவந்த நூலில் அவற்றைக் கடுமையாக எதிர்த்தார்; குழந்தை தன் கோட்டின் மேல் நம்பிக்கை இழக்கிறது என்றார். மொழிக்கும் அவை உதவுவதில்லை, பேச எதுவுமில்லை. டீச்சர் முன்னதாகவே வெட்டிவைத்த துண்டுகளை எல்லாரும் ஒரே மாதிரி ஒட்டி ஒரே மாதிரி வீடு செய்து, ஆண்டு விழாவுக்குச் சுவரில் வரிசையாக மாட்டும் பழக்கமும் அப்படியே. அந்த வீடுகளைச் செய்தவர் டீச்சர்தான்.

சதுரத்தைச் சற்றுத் திருப்பி வைத்து டைமண்ட் என்று பெயர் போடும் சார்ட்டுகளை வாங்காதீர்கள். திருப்பினாலும் அது சதுரமே. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், அதைக் கழற்றித் தலைகீழாக மாட்டி, அதிலுள்ள முக்கோணத்தைக் காட்டிப் பிள்ளைகளிடமே கேளுங்கள், இப்போதும் இது ட்ரையாங்கிளா என்று.

2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-ல் மாநிலம் முழுவதற்கும் போன செயல்வழிக் கற்றல், வகுப்பறைச் சுவரின் அடிப்பாகத்தில் குழந்தையின் கை எட்டும் உயரத்தில் கரும்பலகைகளைக் கொண்டுவந்தது. அவற்றைச் சுத்தம் செய்து பிள்ளைகளிடம் சாக்பீஸைக் கொடுங்கள். தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பார்வையிட வருகிறவர்களுக்காக அந்தப் பலகைகளில் பெயின்ட்டால் நிரந்தரப் படம் எழுதிவிடாதீர்கள். வட்டார வள மையங்களில் ஆசிரியர் பயிற்சி நடத்துகிறவர்களுக்கு இன்னொன்று: அடுத்த பயிற்சி நாளில் அரை மணி நேரம் ஒதுக்கி, ஆசிரியர்களையே எதிரெதிரே உட்காரவைத்து, நடுவில் பையை நிறுத்தி, ஒருவர் சொல்ல ஒருவர் வரையச் செய்யுங்கள். வகுப்பில் எந்தெந்த ஆங்கிலச் சொற்கள் வேண்டியிருக்கும் என்ற பட்டியல் அந்த அரை மணிக்குள் அவர்கள் கையிலேயே இருக்கும்.